கத்திக்கு முன்னே ஒரு வார்த்தை

"மருந்து" என்னும் சொல்லுக்கு மற்ற ஊர்களில் ஒரு பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும். சிவகாசி வட்டாரத்திலோ இரண்டு பொருள்கள் போட்டியிட்டுக்கொண்டு வரும். ஒன்று, வைத்தியர் கொடுப்பது. மற்றொன்று, பட்டாசுக் குழாயில் அடைப்பது. இந்த இரண்டாவது மருந்தை நாள்தோறும் கையாளும் ஆண்களையும் பெண்களையும் கோழைகள் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். சிறிது உராய்வு, ஒரு பொறி, இவை போதும் என்பதை அறிந்தே அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் ஒரே நாளில் மாண்டன. அதன் பின்னும் அந்த வட்டாரத்து மக்கள் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் பஸ் ஏறத்தான் செய்தார்கள்.

இத்தகைய நெஞ்சுரம் படைத்த ஒருவரிடம், "உங்கள் கண்ணில் புரை முற்றிவிட்டது, ஒரு சிறிய ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் வெளிறிவிடுகிறது. "தை பிறக்கட்டும்" என்கிறார். தை பிறந்தால், "பேத்தி கலியாணம் முடியட்டும்" என்கிறார். கலியாணமும் முடிந்துவிட்டால், "இனி இந்தக் கண் இருந்து என்ன பார்க்கப்போகிறது?" என்று வேதாந்தம் பேசத் தொடங்கிவிடுகிறார்.

வெடிமருந்துக்கு அஞ்சாதவர் வைத்தியரின் கத்திக்கு அஞ்சுவானேன்? விடை எளிது. வெடிமருந்தைப் பற்றி அவருக்குத் தெரியும். எதை எதோடு கலக்கக்கூடாது, எதை அழுத்தித் தேய்க்கக்கூடாது, எந்த நேரத்தில் வேலையை நிறுத்த வேண்டும் என்பதை மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறிவு அச்சத்தை எச்சரிக்கையாக மாற்றிவிட்டது. ரண சிகிச்சை மேஜைமேல் படுக்கும்போதோ அவருக்கு ஒன்றும் தெரியாது, எவரும் சொல்லவுமில்லை. அறிவு வந்து அமர வேண்டிய ஆசனம் காலியாக இருந்தால், அதில் அச்சம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நோயாளிக்கு முன்கூட்டி விளக்கிச் சொல்வது உபசாரம் அன்று. அதுவே சிகிச்சையின் முதற் பகுதி என்பதுதான் இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் ஒரே விஷயம்.

அச்சத்தின் உருவங்கள்

நம் ஜனங்கள் ஆபரேஷனுக்கு அஞ்சுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதாது. எதற்கு அஞ்சுகிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டால், அச்சம் ஒன்றல்ல, பல என்பது விளங்கும்.

கண்ணைத் தோண்டி வெளியே எடுத்துக் கழுவித் திரும்ப வைப்பார்கள் என்று கிராமத்துப் பாட்டிமார் பலர் இன்றும் நம்புகிறார்கள். அப்படி நம்புகிறவர் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தால் அதை மடமை என்று எப்படிச் சொல்வது? கண்ணைத் தோண்டுவார்கள் என்று நாமே நம்பினால் நாம் மட்டும் போய்ப் படுத்துக்கொள்வோமா? மயக்கம் கொடுத்தால் திரும்ப விழிக்கமாட்டோம் என்பது இன்னொரு பயம். பாதியில் விழிப்பு வந்து வலி தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பது அதற்கு நேர்மாறான பயம். இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருப்பதும் உண்டு. கையெழுத்து வாங்குவது, செத்தால் கேட்க நாதியில்லாமல் செய்வதற்கே என்பது மூன்றாவது பயம். கூலி வேலைக்காரருக்கு மற்றொன்றும் உண்டு: "பிழைத்து எழுந்தாலும் பழைய வேலைக்குப் போக முடியுமா?" என்பது.

இந்த அச்சங்களில் சில முழுக்க ஆதாரமற்றவை. சிலவற்றில் ஓரளவு உண்மை உண்டு. எல்லாவற்றிற்கும் சேர்த்து, "பயப்படாதீங்க, ஒன்றும் ஆகாது" என்ற ஒரே வாக்கியத்தைத்தான் நாம் வழங்கி வருகிறோம். வாசற்படியில் பாம்பு கிடக்கிறது என்று அலறுகிறவனிடம், "பயப்படாதே" என்று சொல்வதால் என்ன பயன்? விளக்கைக் கொண்டுவந்து, அது கயிறு என்று காட்ட வேண்டும். பாம்பாகவே இருந்தால், அதை எப்படி விலக்கப் போகிறோம் என்றாவது சொல்ல வேண்டும்.

அச்சம் வாங்கும் வட்டி

ஒத்திப் போடுவதால் அச்சம் தீர்வதில்லை. கடனைப்போல் வட்டி ஏறுகிறது. கண்புரை என்பது கண்ணின் உள்ளே இருக்கும் இயற்கை லென்ஸ் மங்கிப்போவது. வேளையில் அதை அகற்றி அவ்விடத்தில் செயற்கை லென்ஸைப் பொருத்தினால், பெரும்பாலோருக்குப் பார்வை நன்கு திரும்பிவிடுகிறது. மிகவும் முற்ற விட்டால் சிகிச்சை கடினமாவதுடன், சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் மிகுந்து நரம்பே பழுதாகிவிடுவதும் உண்டு. அவ்வாறு கெட்ட நரம்பை எந்த வைத்தியராலும் மீட்க முடியாது.

அதற்கிடையில் வீட்டில் நடப்பது என்ன? பாட்டி அடுப்பண்டை போக முடியவில்லை. கிணற்றடிக்குப் போகத் துணை வேண்டியிருக்கிறது. துணைக்கு ஒரு பேத்தி நிற்கிறாள். அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடம் நிற்கிறது. ஒருவருடைய அச்சம் இவ்வாறு இரண்டு பேருடைய ஒளியை அணைத்துவிடுகிறது.

எரவாடாச் சிறையிலிருந்து ஒரு பாடம்

படித்தவர்களுக்கும் பெரியோர்களுக்கும் இந்தப் பிரச்னை இல்லை என்று எண்ண வேண்டாம். 1924-ம் வருஷம் ஜனவரி மாதம், ஆறு வருஷத் தண்டனை பெற்று எரவாடாச் சிறையில் இருந்த மகாத்மா காந்திக்குக் குடல்வால் வியாதி கண்டது. அவரைப் புனா நகரத்து ஸாஸூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடனே ரண சிகிச்சை செய்தாக வேண்டும். செய்ய வேண்டியவரோ கர்னல் மாடக் என்னும் ஆங்கிலேய டாக்டர். கைதியோ ஆங்கில ஆட்சியை எதிர்த்த தலைவர். ஏதாவது விபரீதம் நேர்ந்தால் நாடு என்ன நினைக்கும்?

அந்த இரவில் நடந்தது நம் கவனத்துக்குரியது. நோயின் தன்மையை நோயாளிக்கு எடுத்துச் சொன்னார்கள். தாம் விரும்பும் வைத்தியர்களை வரவழைக்கவும் அவருக்கு இடம் கொடுத்தார்கள். பம்பாயிலிருந்து அவர்கள் உரிய நேரத்தில் வந்து சேர முடியவில்லை. நம்பிக்கைக்குரிய நண்பராக ஸ்ரீநிவாச சாஸ்திரியார் அழைக்கப்பட்டார். வலங்கைமானில் பிறந்து, சென்னைத் திருவல்லிக்கேணியில் ஹிந்து உயர்தரப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்த அதே சாஸ்திரியார்தான். அரசியலில் காந்தியடிகளோடு பலவற்றில் மாறுபட்டவர். அவர் முன்னிலையில், தமக்கு நேர்ந்ததையும், கர்னல் மாடக்கிடம் தமக்குள்ள நம்பிக்கையையும், தம் சம்மதத்தையும் காந்தியடிகள் வாக்குமூலமாகச் சொல்லிக் கையொப்பமிட்டார். ஜனவரி 12-ம் தேதி இரவு சிகிச்சை நடந்தது. நடுவில் மின்சார விளக்கு அணைந்துவிட, கைவிளக்கின் வெளிச்சத்திலே வேலையை முடித்தார்கள். பிப்ரவரி 5-ம் தேதி சர்க்கார் அவரை விடுதலை செய்தது.

நோயைச் சொன்னார்கள், கேள்விக்கு இடம் கொடுத்தார்கள், நம்பிக்கைக்குரிய ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தினார்கள், அதன் பிறகே கையொப்பம் வாங்கினார்கள். இந்த நான்கு படிகளும் மகாத்மாவுக்கு மட்டும் உரியவை அல்ல. திருத்தங்கல்லில் தீப்பெட்டி ஒட்டும் தாய்க்கும் அவை உரியவை. 2008-ம் வருஷம் ஜனவரி 16-ம் தேதி நம் சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய தீர்ப்பொன்றும் இதைத்தான் சட்டமாக உரைக்கிறது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்று வழிகள், முக்கியமான அபாயங்கள் ஆகியவற்றைப் போதிய அளவு அறிந்து கொடுக்கும் சம்மதமே சம்மதமாகும். எனவே அந்தக் காகிதம் நோயாளியின் உயிரை எழுதி வாங்கும் பத்திரம் அன்று. "எனக்கு விளக்கிச் சொல்" என்று கேட்பதற்கு அவருக்குள்ள உரிமைச் சீட்டு.

பாஸ்டன் ஆஸ்பத்திரியில் கண்டது

சொல்லால் அச்சம் குறையலாம். உடம்பின் வலி குறையுமா என்று ஐயுறுவோர் இருக்கலாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் உள்ள மாஸசூஸெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில்தான் 1846-ம் வருஷம் அக்டோபர் 16-ம் தேதி, ஈதர் என்னும் மயக்க மருந்தின் வல்லமையை மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஊரறியக் காட்டினார். ரண சிகிச்சையின் கொடிய வேதனைக்கு அன்று ஒரு முடிவு பிறந்தது. 118 வருஷங்கள் கழித்து, அதே ஆஸ்பத்திரியிலிருந்து மற்றொரு செய்தி வந்தது.

எக்பர்ட் என்ற மயக்க மருந்து நிபுணரும் அவருடைய சகாக்களும் வயிற்றில் ரண சிகிச்சை செய்துகொள்ள இருந்த 97 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றொரு பிரிவினருக்கு முதல் நாளே சில விஷயங்களைச் சொல்லிவைத்தார்கள்: விழித்தபின் எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் இருக்கும், அது இயல்பானது, வயிற்றுத் தசையைத் தளர்த்தி மூச்சை எப்படி விட வேண்டும், படுக்கையில் எப்படிப் புரள வேண்டும் என்பவையே அவை. எந்த நோயாளி எந்தப் பிரிவு என்பது கத்தி பிடித்த டாக்டர்களுக்குத் தெரியாது. 1964-ம் வருஷம் வெளியான முடிவு இதுதான்: முன்கூட்டிக் கேட்டறிந்தவர்களுக்கு வலி நீக்கும் மருந்து ஏறக்குறையப் பாதி அளவே தேவைப்பட்டது. சராசரியாக 2.7 நாட்கள் முன்னதாகவே அவர்கள் வீடு திரும்பினார்கள்.

ஓர் ஆராய்ச்சியைக் கண்டு ஆனந்தக் கூத்தாடலாகாது. ஆகையால் பிற்காலத்து நிலைமையையும் சொல்லிவிடுகிறோம். 2016-ம் வருஷம் இத்தகைய 105 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்தவர்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் அனுபவத்தைத் தொகுத்தார்கள். மனத்தைத் தயார் செய்வதால் வலியும் மனக்கலக்கமும் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்களும் குறையக்கூடும் என்றும், ஆனால் சான்றுகளின் தரம் இன்னும் உயர வேண்டும் என்றும் அவர்கள் கூறினார்கள். நியாயமான தீர்ப்பு இது. வார்த்தை மந்திரமல்ல, மருந்துக்குப் பதிலும் அல்ல. ஆனால் செலவில்லாத துணை மருந்து.

கரிசல் மண் தந்த டாக்டர்

இந்தத் துணை மருந்தைப் பெரிய அளவில் வழங்குவதைப் பார்க்க நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. விருதுநகரிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் போய் மதுரையில் இறங்கினால் போதும்.

எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரம் என்ற கரிசற்காட்டுக் கிராமத்தில் 1918-ம் வருஷம் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. வைத்தியப் படிப்பு முடித்து ராணுவத்தில் சேர்ந்த சில வருஷங்களில் கொடிய மூட்டுவாத நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. நோயாளியாகக் கிடப்பது எப்படி என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, அனுபவித்தே அறிந்தார். பிறகு எழுந்து, கண் வைத்தியம் பயின்று, அந்தக் கோணிய விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்குச் சிகிச்சை செய்தார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற வயதில், 1976-ம் வருஷம், 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. 2006-ம் வருஷம் அவர் மறைந்தபோது அது உலகப் புகழ் பெற்றிருந்தது.

அந்த ஸ்தாபனம் கிராமங்களில் கண் முகாம் நடத்தித் தொடக்கத்திலேயே கண்டது என்னவென்றால், இலவசம் என்று அறிவித்தால் மட்டும் ஜனங்கள் வந்துவிடுவதில்லை என்பதாகும். ஆகவே இதையே ஓர் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். தென்னிந்தியக் கிராமங்களில் பலவிதப் பிரசார முறைகளைப் பரீட்சித்து, 1991-ம் வருஷம் வெளியிட்ட முடிவுகளில் இரண்டு நம் சிந்தனைக்குரியவை. சாப்பாடு, போக்குவரத்து உள்பட எல்லாச் செலவையும் ஏற்றுக்கொள்வது பலன் தந்தது. அதோடு, முன்பே கண் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசுவதும் பலன் தந்தது. காரணம் தெளிவு. பட்டணத்து டாக்டர் ஆயிரம் சொல்லட்டும். "நான் போய்ப் படுத்தேன், எழுந்து வந்தேன், இதோ உன் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணிச் சொல்கிறேன், பார்" என்று பக்கத்துத் தெரு அப்பத்தா சொல்வதற்கு அது ஈடாகுமா?

முகாமில் தேர்ந்தெடுத்தவர்களை ஒரே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய், சிகிச்சை முடிந்தபின் ஒன்றாகவே திருப்பி அனுப்புவதும் அவர்கள் முறை. ஊரார் நாலு பேர் கூட வரும்போது அச்சத்தில் பாதி பஸ்ஸிலிருந்தே இறங்கிப் போய்விடுகிறது.

மற்றொரு சிறப்பை, பள்ளி ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் தனிப்பட்ட மகிழ்ச்சியோடு சொல்கிறோம். நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே அங்கே ஆலோசனை சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து இவ்வேலையில் அமர்த்துகிறார்கள். டாக்டரின் நேரமோ அரிது. அவருடைய பாஷையோ பாதி இங்கிலீஷ். இந்தப் பெண்களுக்கு நேரமும் உண்டு, ஊர்ப் பேச்சும் உண்டு. "பாட்டி, கண்ணை வெளியே எடுக்கமாட்டாங்க. கண்ணு இருந்த இடத்திலேயே இருக்கும். உள்ளே அழுக்கேறிப்போன கண்ணாடி மாதிரி ஒண்ணு இருக்கு, அதை மட்டும் மாத்துவாங்க" என்று பேத்தி ஸ்தானத்திலிருந்து சொல்லும் சொல்லுக்கு மதிப்பே வேறு.

என்ன சொல்ல வேண்டும்?

எல்லா ரண சிகிச்சைக்கும் பொதுவாக நோயாளிக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. வீட்டிலுள்ளோரும் அறிந்திருப்பது நலம் என்பதால் இங்கே தருகிறோம்.

பட்டினி போடுவதேன்? மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலுக்கு ஆபத்து. அதனால்தான் சாதாரணமாகத் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்னும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்னும் நிறுத்தச் சொல்கிறார்கள். நோயாளியின் நிலைமைக்கேற்ப டாக்டர் சொல்லும் கணக்கே முடிவானது. காரணம் தெரியாத அன்னை, "பிள்ளை வெறும் வயிற்றோடு போகிறானே" என்று மறைவாக இரண்டு இட்டிலி ஊட்டிவிடுகிறாள். காரணம் தெரிந்தவள் அப்படிச் செய்யமாட்டாள்.

மயக்கம் என்றால் என்ன? ஊசி போட்டுவிட்டு எல்லாரும் போய்விடுவதில்லை. அதற்கென்றே உள்ள டாக்டர் தொடக்கமுதல் முடிவுவரை தலைமாட்டிலேயே இருந்து மூச்சையும் நாடியையும் கவனிக்கிறார். விரலில் மாட்டும் சிறிய கவ்வி, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்பதை ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கும். இதன் தத்துவத்தைக் கண்டறிந்தவர் அயோயாகி என்னும் ஜப்பானியப் பொறியியலார். விழித்தெழுந்ததும் குளிர் நடுக்கமோ தொண்டைக் கரகரப்போ சிலருக்கு இருக்கலாம். முன்பே கேட்டிருந்தால், "ஆம், சொன்னார்கள்" என்று நோயாளி சும்மா இருப்பார். கேட்டிராவிட்டால், ஏதோ கெட்டுவிட்டது என்று நடுங்குவார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் முறையில் ஒரு முக்கியமான விஷயம்: தொடுவதும் இழுப்பதும் தெரியும், கூர்மையான வலி தெரியாது. பிரசவ ரண சிகிச்சைக்குப் போகும் பெண்களுக்கு இதைச் சொல்லாமல் விடுவது பெரும் கொடுமை. தொடுவது தெரிந்தவுடன், "மருந்து பிடிக்கவில்லை, இனி அறுப்பதும் தெரியும்" என்று அவள் கதிகலங்கிப் போகிறாள். உண்மையாகவே வலித்தால் உடனே சொல்லலாம், சொன்னால் கவனிப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்பதேன்? "நான் யார் என்றே இவர்களுக்குத் தெரியவில்லை, இவர்களா என்னை அறுக்கப்போகிறார்கள்?" என்று திகைப்பவர் பலர். உண்மை இதற்கு நேர்மாறு. 2008-ம் வருஷம் உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வகுத்தது. மயக்கம் கொடுக்குமுன், தோலை வெட்டுமுன், நோயாளி அறையை விட்டுப் போகுமுன் என மூன்று வேளை நிறுத்தி, பெயர் என்ன, என்ன சிகிச்சை, எந்தப் பக்கம், கருவிகளும் பஞ்சும் எண்ணிக்கை சரிதானா என்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்ப்பது அம்முறை. புது டில்லி உள்பட எட்டு நகரங்களில் அதைப் பரீட்சித்தபோது, மரணம் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 1909-க்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 2009-ம் வருஷம், அறிவித்தார்கள். ஆகவே பெயரைக் கேட்பது மறதியல்ல, காவல். இதை அறிந்த நோயாளி, கேட்பதற்குக் கோபப்படமாட்டார், கேட்காவிட்டால்தான் கேட்பார்.

தீக்காயம் பட்டவருக்கு

நம் வட்டாரத்துக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டிய பகுதி இது. ஆழ்ந்த தீக்காயம் தானாக மூடுவது கடினம். ஆகையால் உடம்பின் நல்ல பாகத்திலிருந்து, பெரும்பாலும் தொடையிலிருந்து, மெல்லிய தோலை எடுத்துப் புண்ணில் பதிக்கிறார்கள். "வெந்தது போதாதென்று நல்ல தோலையும் உரிக்கிறார்களே!" என்று குடும்பத்தார் மறுப்பது இயற்கை. எடுப்பது மேல்தோலின் மெல்லிய ஏடு மாத்திரமே. எடுத்த இடம் சாதாரணமாக இரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். ஆனால் பதித்த இடத்தைவிட எடுத்த இடமே சில நாள் அதிகமாக எரியக்கூடும். இந்த மூன்றையும் முன்பே சொன்னால் மறுப்பு தளரும்.

அடுத்தது இன்னும் முக்கியம். தீக்காயம் ஆறும்போது தழும்பு சுருங்கி இழுக்கும். கழுத்து மார்போடு ஒட்டும். முழங்கை மடங்கியபடி நின்றுவிடும். விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுவிடும். இதைத் தடுப்பதற்காகவே கையை நீட்டிவைத்துப் பலகையோடு கட்டுகிறார்கள். பதித்த தோல் பிடித்தபின், வலித்தாலும் நீட்டி மடக்கச் சொல்கிறார்கள். காரணம் தெரியாதவர் இரவில் கட்டை அவிழ்த்துவிடுகிறார். வலிக்கிறது என்று கையை அசைக்காமல் மார்போடு அணைத்துக்கொள்கிறார். இரக்கமுள்ள குடும்பத்தாரும், "பாவம், வலிக்கட்டுமா?" என்று விட்டுவிடுகிறார்கள். சில மாதங்களில் அந்தக் கை பயனற்றுப் போகிறது. திரி முறுக்கியும் தாள் சுற்றியும் சோறு போட்ட கை அது! தீ அந்தக் கையை முழுவதும் கெடுக்கவில்லை. எவரும் விளக்கிச் சொல்லாத மௌனம் மிச்சத்தைக் கெடுத்தது. அச்சத்தைப் போக்குவது மனத்துக்கு ஆறுதல் மட்டுமன்று, பிழைப்புக்கே ஆதாரம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பொய்த் தைரியம் வேண்டாம்

விளக்குவது வேறு, மழுப்புவது வேறு. "கொஞ்சம்கூட வலிக்காது" என்று சொல்லி அனுப்பினால், முதல் வலியிலேயே நம்பிக்கை முறிந்துவிடும். பிறகு மெய்யே சொன்னாலும் நோயாளி நம்பார். வலிக்கும், இத்தனை நாள் வலிக்கும், அதற்கு மருந்து உண்டு என்பதே நேர்மையான வாக்கு. அபாயம் உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். அதைத் தடுக்க என்னென்ன ஏற்பாடு, வந்தால் என்ன பரிகாரம் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே அளவும் ஆகாது. ஒருவர் நுணுக்கமாகக் கேட்பார், மற்றொருவர், "எல்லாம் உங்களிடம் விட்டேன், விவரம் வேண்டாம்" என்பார். பின்னவர் காதில் வலிந்து திணிப்பதும் தவறே. ஆகையால் முதற் கேள்வி, "உங்களுக்கு எதுதான் பயமாக இருக்கிறது?" என்பதாக இருக்க வேண்டும். கேட்ட கேள்விக்கு விடை சொன்ன பிறகு, அவர் விளங்கிக்கொண்டதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும். வகுப்பறையில் நாம் தினமும் செய்வது இதுதானே? "புரிந்ததா?" என்றால் வகுப்பு முழுதும் "புரிந்தது" என்று கோஷமிடும். "எங்கே, நீ சொல்" என்றால்தான் உண்மை வெளியாகும்.

சொல்லும் நேரமும் முக்கியம். தள்ளுவண்டியில் ஏற்றியபின் சொல்வது, பரீட்சை மணி அடித்தபின் பாடம் நடத்துவதை ஒக்கும். முதல் நாளே, உறவினர் ஒருவர் உடனிருக்கையில், அமைதியாகச் சொல்ல வேண்டும்.

நம் ஜில்லாவில் செய்யக்கூடியது

2022-ம் வருஷம் ஜனவரி 12-ம் தேதி முதல் விருதுநகரில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி நடக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிட்ட காமராஜர் பிறந்த ஊரில், நாளைய டாக்டர்கள் பயில்கிறார்கள். நாடி பார்க்கக் கற்பிப்பதுபோலவே, நாலு வார்த்தை விளங்கச் சொல்லவும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். அதைத் தனியொருவரின் நற்குணத்துக்கு விட்டுவிடாமல், இன்ன நேரம், இன்னார் பொறுப்பு என்று ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் விதியாக்க வேண்டும். தீக்காயத்திலிருந்து மீண்டு, கை நீட்டி மடக்கி, திரும்ப வேலைக்குப் போகிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பி முன்வந்தால், படுக்கையில் கிடக்கும் புதியவருக்கு அவர்களைவிடச் சிறந்த ஆசான் கிடைக்கமாட்டார்.

சிவகாசிக்கோ இதில் ஒரு விசேஷப் பங்கு உண்டு. பட்டாசும் தீப்பெட்டியும் போல, அச்சுத் தொழிலும் அந்த ஊரின் பெருமை. எத்தனையோ வீடுகளின் சுவரில் தொங்கும் காலண்டர் அங்கே அச்சானதுதான். தெய்வப் படத்தையும் தலைவர் படத்தையும் வர்ணத்தில் அச்சிடும் அந்த யந்திரங்களுக்கு ஆறு சித்திரங்கள் ஒரு பாரமா? பட்டினி ஏன், மயக்கம் எப்படி, பெயர் கேட்பது எதற்கு, புரை எங்கே இருக்கிறது, தோல் எங்கிருந்து வருகிறது, கையை எப்படி நீட்டுவது என்று எழுத்தறியாதவரும் பார்த்தறியும் படங்களை அச்சிட்டு, ஜில்லாவிலுள்ள ஆஸ்பத்திரிகளின் சுவர்களில் மாட்டலாம். அச்சக உரிமையாளர் ஒருவர் காகிதமும் மையும் கொடுத்தால், சித்திரம் வரைய ஓவிய ஆசிரியர்களும், வாசகம் எழுதித் தரத் தமிழாசிரியர்களும், பிழை பார்க்க டாக்டர்களும் இந்த ஜில்லாவில் கிடைக்காமற் போகமாட்டார்கள். வருகிற வருஷத்துக் காலண்டர் வேலை சூடுபிடிப்பதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடலாம்.